அழகான கோவா

கோவாப் பாத்தி அளவுக்கு மீறி அழகாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எனக்கு அது போன புதன்கிழமைதான் புரிந்தது.

அக்கா மகளின் கல்யாணத்துக்காக ஹட்டனுக்குப் போய், ஆறு நாள் கழித்து அக்கரப்பத்தனைக்குத் திரும்பினேன். பையைக் கூட வைக்காமல் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் என் மரக்கறிப் பாத்திகளுக்கு ஓடினேன். நான் இல்லாத ஆறு நாளில் புழுக்கள் பந்தி போட்டுச் சாப்பிட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால்... ஒரு புழுவைக் காணோம். ஒவ்வொரு கோவாவும் இலை மேல் இலையாகப் பந்து போல் இறுகி, பளபளவென்று இருந்தது.

ஐந்து வருஷமாக ஓர்கானிக் மரக்கறிதான் என் பிழைப்பு. மாட்டெரு, சாம்பல், பூண்டுக் கரைசல். விடிந்ததும் டின்னோடு போய் இலை இலையாகப் புழு பொறுக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போகும். மழையிலும் பொறுக்க வேண்டும் - புழுவுக்கு ஏது லீவு? உண்மையைச் சொல்கிறேன், களைத்துவிட்டேன்.

பக்கத்து லயத்துச் செல்லையா அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். எஸ்டேட்டில் தேயிலைக்கு மருந்தடிப்பதுதான் அவருடைய வேலை.

"ஞாயித்துக்கிழமை லீவுதானே தங்கச்சி. ஒரு டேங்க் அடிச்சி விட்டேன்."

"ஐயோ அண்ணே... நான் மருந்தே அடிக்கிறதில்லையே."

"தெரியுங்க. மருந்து வாங்க வசதியில்லாமத்தானே கையால பொறுக்குறீங்க. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

இவரை எப்படித் திட்டுவது? தன் ஒரே லீவு நாளில், முதுகில் டேங்கைச் சுமந்து, எனக்காக அடித்திருக்கிறார். ஐந்து வருஷமாக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்!

அன்று மாலை நுவரெலியாவிலிருந்து கடைக்கார நானா போன் பண்ணினார். தன் கடையில் ஒரு ராக்கைத் தட்டை மருந்தடிக்காத என் மரக்கறிக்கென்றே ஒதுக்கித் தந்திருப்பவர்.

"போன வெள்ளியும் நீங்க வரல்ல. இந்த வெள்ளியும் இல்லாட்டி ராக்கைய சும்மா வெச்சிக்க ஏலாது. வேற ஆள் கேக்குறாங்க."

"கோவா இருக்கு நானா. கொண்டு வாறேன்."

சொல்லிவிட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? நானா கண்ணால் பார்த்துத்தான் எடுப்பார். ஓட்டை இருக்கிறதே என்று வாராவாரம் முகம் சுளிப்பவர், இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார். ஒரே ஒரு வாரம்... அவ்வளவுதானே?

வியாழக்கிழமை பாத்தி முழுவதையும் வெட்டி மூட்டை கட்டினேன். அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் செல்லையா அண்ணனிடம் நீட்டினேன். உதவி செய்தவருக்கு வெறுங்கையைக் காட்ட முடியுமா? அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம் தங்கச்சி. வீட்டுல புள்ளைங்க இருக்கு. ஓட்ட விழுந்த உங்க பழைய கோவா இருந்தா ஒண்ணு குடுங்க."

"ஏண்ணே, இது நல்லாத்தானே இருக்கு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதெல்லாமா தெரியாது என்பது போல.

"இது விக்கிறதுக்கு அடிச்சது தங்கச்சி. திங்கிறதுக்கா?"

நான் நானாவுக்குப் போன் பண்ணி, ராக்கையைக் கேட்டவருக்கே கொடுத்துவிடச் சொன்னேன்.