மாமா சாப்பிடாத கடற்பாசி

கடலில் விளைவதெல்லாம் மச்சம், அதாவது அசைவம், என்பது என் மாமனாரின் சட்டம். வெள்ளிக்கிழமைகளில் அது எங்கள் நறுவிலிக்குளம் வீட்டு வாசல் படலையைத் தாண்டக் கூடாது. ரமழான் நோன்பின் கடைசி வெள்ளியன்று, கந்தோரில் என்னோடு வேலை செய்யும் எருக்கலம்பிட்டிச் சிநேகிதி ஒரு பெட்டி கடற்பாசி இனிப்பு தந்துவிட்டாள். காய்ந்த பாசியைக் கழுவி, ஊறவைத்து, கரையக் காய்ச்சி வடித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலக்காயும் சேர்த்து ஆறவிட்டால் தானாகவே இறுகிவிடும். பிறகு துண்டுகளாக வெட்டிச் சாப்பிடலாம். மாமா பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. நான் படலைக்கு வெளியே ஸ்கூட்டியில் சாய்ந்து நின்று, முழுவதையும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

திங்களன்று சிநேகிதி கேட்டபோது, மாமாதான் எல்லாவற்றையும் சாப்பிட்டார் என்று அளந்துவிட்டேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெருநாளுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, மறிச்சுக்கட்டிக்குப் போகும் வழியில் தானே கொண்டுவந்து அவருக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். அவள் முகத்துக்கு நேரே மாமா வேண்டாமென்றால் என் மானம் கப்பலேறிவிடும்.

மூன்று நாள் மன்றாடினேன். கடற்பாசியில் அயடின் இருக்கிறது, இரும்பும் கல்சியமும் இருக்கிறது, அளவோடு சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்றேன். அதிலுள்ள நார்ச்சத்து, காலையில் அவர் படும் பாட்டுக்கு மருந்து என்றும் சொன்னேன். வாய்க்காலில் தான் வழித்தெறியும் பாசியை மாடுகூடத் தின்னாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“உப்பும் கடல்லதானே மாமா விளையுது?”

மாமா தலையாட்டினார். “ஓம் பிள்ளை. அப்ப இந்த வெள்ளி உப்பும் வேண்டாம்.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

வெள்ளி மத்தியானம் உப்பில்லாத பருப்பையும் கத்தரிக்காய்க் குழம்பையும் வைத்துக்கொண்டு நானும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தோம். கணவர் வேலையிருக்கிறதென்று தப்பிவிட்டார். சிநேகிதி வந்து, பெட்டியை மாமாவின் முன்னால் திறந்து வைத்தாள்.

“போன முறை முழுக்க நீங்கள்தான் சாப்பிட்டனீங்களாம். அதுதான் பெரிய பெட்டியாக் கொண்டு வந்தனான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் பருப்பைப் பார்த்தேன். எழும்பிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. நன்றாயிருக்கிறதென்று அவளிடம் சொன்னார். வெள்ளிக்கிழமையில், எனக்காக. கண் கலங்கிப்போனது. அந்தச் சந்தோஷத்தில் நானும் ஒரு துண்டுக்குக் கை நீட்டினேன்.

மாமா பெட்டியை மூடினார்.

“இவவுக்கு இது ஒத்துக்கொள்ளாது பிள்ளை,” என்றார் சிநேகிதியிடம். “போன முறையும் நான்தானே முழுக்கச் சாப்பிட்டனான்.”

பிறகு கத்தரிக்காய்க் குழம்பை என் பக்கம் தள்ளிவைத்தார்.