எம்.எஸ்ஸி. விலங்கியல், தவணை பாக்கி

வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுக்கும் தொழிலில், செருப்பை எங்கே கழற்றச் சொல்கிறார்கள் என்பதிலேயே நம்முடைய விலை தெரிந்துவிடும். நெய்வேலி நகரியத்தில் மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். என் செருப்பு கேட்டுக்கு வெளியே கிடக்கும்; இயற்பியல் சாருடைய ஷூ வராந்தாவில் இருக்கும். கடன் வாங்கி விலங்கியல் படித்த என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு மாதத் தவணை ஆறாயிரம். கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் அப்பா. நான் கட்டாவிட்டால் வங்கிக்காரர்கள் அவர் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்.

மனப்பாடம்

நாலு வீட்டு டியூஷனில் இரண்டு வீடு நின்றுபோனது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று காவ்யாவின் வீடு. அவள் அப்பா சுரங்கக் கம்பெனியில் பெர்மனன்ட். இயற்பியல் சாருக்கு அங்கே நாலாயிரம், எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. இத்தனைக்கும் தேர்வில் பாதி மதிப்பெண் உயிரியலுக்குத்தான். தாவரவியலையும் சேர்த்து நானேதான் எடுக்கிறேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று காவ்யாவின் அம்மாவிடம் கேட்டேன். இயற்பியல் சாருக்குக் காபி ஆற்றிக்கொண்டே அந்த அம்மா சொன்னது:

"பிசிக்ஸுன்னா கணக்கு போடணும் மிஸ். உங்களுது மனப்பாடம்தானே, அவளே படிச்சுக்குவா. பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தா தூங்காம படிப்பாளேன்னுதான் உங்கள வெச்சிருக்கோம்."

வேன் டியூட்டி

பள்ளிக்கூட வேலைக்குப் போனால் என்ன என்று கேட்பீர்கள். போனேன். ஒரு தனியார் பள்ளியில் நேர்காணல். விலங்கியல் ஆசிரியை வேலை, சம்பளம் எட்டாயிரம். காலையில் வேனில் ஏறிப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும், சாயங்காலம் அதே வேனில் கொண்டுபோய் விடவேண்டும். டியூஷன் எல்லாம் கூடாது. தவணை போக மிச்சம் வெறும் இரண்டாயிரம். அதில் பஸ்ஸுக்குக் கொடுப்பதா, சாப்பிடுவதா? முகம் சுண்டிப்போய் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தாளாளருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பி.எட். முடிச்சுட்டு வாங்கம்மா, ஒன்பதாயிரமா ஆக்கிடலாம்."

சாரை

ஒருநாள் பாடம் நடக்கும்போது பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். துணி துவைக்கும் கல்லுக்கடியில் பாம்பு. "மிஸ் ஜுவாலஜி படிச்சவங்க" என்று காவ்யாவின் அம்மா பெருமையாக என்னை அனுப்பிவைத்தார். பெருமைக்கு மட்டும் என் படிப்பு உதவும். போய்ப் பார்த்தால் சாரை. விஷம் கிடையாது, தள்ளி நின்றால் தானாகப் போய்விடும் என்றேன். யார் கேட்டார்கள்? கம்போடு வந்த நாலு பேரிடமிருந்து அந்தப் பாம்பைக் காப்பாற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதற்குள் யாரோ போன் செய்து பாம்பு பிடிப்பவரை வரவழைத்தார்கள். அவர் சாக்கில் போட்டுக்கொண்டு, ஐந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு, காட்டுப் பக்கம் விட்டுவிடுகிறேன் என்று கிளம்பினார்.

அந்த மாதத் தவணை நினைப்பில், வெட்கத்தை விட்டு, எனக்கு ஒன்றும் இல்லையா சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். குவார்ட்டர்ஸ்காரர் சிரிக்கவில்லை.

"நீங்க பேரு மட்டும்தானே சொன்னீங்க? அவரு புடிச்சாருல்ல!"

யார் கொடுத்தது

இரண்டு தவணை பாக்கி விழுந்தது. வங்கியிலிருந்து எனக்குப் போன் வரவில்லை. ஷிப்டில் இருந்த அப்பாவுக்கு வந்தது. எடுத்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார், எடுக்காவிட்டால் வங்கிக்காரர்கள் மறுபடி போன் அடிக்கிறார்கள். இன்னொரு தடவை போனும் கையுமாகப் பார்த்தால் அடுத்த காண்ட்ராக்டில் பெயர் இருக்காது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். "போனு அடிச்சிகினே இருக்குதும்மா. இன்னா ஏதுன்னு ஒரு எட்டு போயி கேட்டுட்டு வந்துடேன்" என்றார் அப்பா. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நேரே வங்கிக்குப் போனேன். பணம் கட்ட அவகாசம் கொடுங்கள், எதுவானாலும் என்னைக் கேளுங்கள், வேலை நேரத்தில் அப்பாவைக் கூப்பிடாதீர்கள் என்றேன். அதிகாரி என் பைலைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே அவர்கள் கிளையின் முத்திரைதான் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஜுவாலஜிக்கெல்லாம் யாரும்மா லோன் குடுத்தது?"

காவ்யா

தேர்வு முடிவு வந்தது. காவ்யாவுக்கு உயிரியலில் ஏறக்குறைய முழு மதிப்பெண். இயற்பியல் காலை வாரிவிட்டது. மருத்துவ சீட் இல்லை. அவள் கலங்கவில்லை, சென்னையில் விலங்கியல் சேரப்போகிறேன் என்றாள். அவள் அம்மா என்னைக் கூப்பிட்டு, கேட்டிலேயே நிறுத்தி, "என்ன சொல்லி எம்பொண்ணக் கெடுத்தீங்க? உங்கள மாதிரி ஆகணுங்கறா!" என்று கத்தினார். கடைசி மாதச் சம்பளமும் போயிற்று. இயற்பியல் சாருக்குப் பாக்கி இல்லை என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது காவ்யா பின்னாலேயே ஓடிவந்தாள். "சேரட்டுமா மிஸ்?" என்றாள். வேண்டாம் என்றேன். தவணை, வட்டி, எட்டாயிரம், வேன், அப்பாவுக்கு வந்த போன் என்று ஒன்று விடாமல் நடுரோட்டில் கொட்டித் தீர்த்தேன். இந்தப் படிப்பு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்து, அழுதும் தொலைத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட காவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மிஸ், லோனெல்லாம் எதுக்கு? அப்பா பெர்மனன்ட்தானே, கட்டிடுவாரு."

ஆக, என் இனத்தாரே, விலங்கியல் அருமையான படிப்புதான். சேருவதற்கு முன்னால் அப்பாவைப் பெர்மனன்ட் ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.