வரலாற்றை மட்டும் வாங்கியவர்கள்

இத்தாலியில் நான் வசிக்கும் இந்த ஊரில் மரண அறிவித்தல்களைச் சுவரில் ஒட்டுவார்கள். அது எனக்குப் புதிதல்ல. இலங்கையில் என் ஊரான மாத்தளையிலும் லைட் கம்பங்களில் ஒட்டுவோம், செத்த வீட்டுக்குப் போகும் பாதை நெடுக வெள்ளைக் கொடியும் கட்டுவோம். பத்திரிகையில் இருந்த காலத்தில் மாவட்டச் செய்திகளோடு மரண அறிவித்தல்களையும் கொழும்புக்கு அனுப்பியவன் என்பதால், கறுப்புக் கரை போட்ட தாளை எங்கே கண்டாலும் நின்று வாசித்துவிடுவேன். போன கோடையில் ஒரு காலை, பஸ் தரிப்பிடத்துச் சுவரில் புதிதாக ஒன்று இருந்தது. படம் இல்லை. நூறு வயதைத் தாண்டியவர் என்றும், நீண்ட நோய்க்குப் பின், சொந்தப் பிள்ளைகளால் கைவிடப்பட்ட நிலையில் காலமானார் என்றும் போட்டிருந்தது. துயருறுவோர் என்ற இடத்தில் முழு நகரமும் என்றிருந்தது. பெயரை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் அது மனிதரின் பெயரல்ல, ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர் என்று விளங்கியது. ரசிகர்களின் குறும்பு என்று சிரிக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பெண் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

கழகம் திவாலாகியிருந்தது. இங்கே அதை ஃபல்லிமெந்தோ என்கிறார்கள். எனக்கு உதைபந்தாட்டத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. நாங்கள் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். கழகத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு பிலோமினா அக்கா. மாத்தளைப் பக்கம் உக்குவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். திருநாளுக்குத் திருநாள் வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வந்த குடும்பம். இத்தாலிக்கு வீட்டு வேலைக்கு வந்து, பிறகு கழகத்தின் சலவை அறைக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அறை விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. மகளின் இரண்டு பிள்ளைகள் ஊரில் பள்ளிக்கூடம் போவது அந்த அறையின் சலவை இயந்திரங்கள் சுற்றியதால்தான்.

செய்தி தெரிந்த அன்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எனக்கு என்ன தம்பி பயம்? கம்பனி வரும் போகும். பந்து விளையாடுற வரைக்கும் சட்டை அழுக்காகத்தானே செய்யும்" என்றார்.

ஆனால் பயப்பட வேண்டிய காரணம் இருந்தது. அவருடைய தங்கும் அனுமதி, பெர்மெஸ்ஸோ, இலையுதிர் காலத்தில் முடிகிறது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். ஒப்பந்தம் கழகத்தோடு. கழகம் சுவரில் செத்துக் கிடக்கிறது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு எதிரே பெப்பே என்பவரின் காப்பிக்கடை உண்டு. பார் என்பார்கள், குடிப்பது பெரும்பாலும் காப்பிதான். அவரிடம் கழகத்தைப் பற்றி விசாரித்தேன். ஒரு கோப்பை காப்பிக்குள் முழு வரலாற்றையும் சொல்லிவிட்டார். முதலாம் உலகப் போருக்கு முன்னர் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கியது. முசோலினியின் ஆட்சியில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிரிக் கழகத்தோடு பலவந்தமாக இணைக்கப்பட்டு, பெயரும் பச்சை வெள்ளை நிறமும் பறிபோயின. போர் முடிந்ததும் பெப்பேயின் தாத்தா உட்படப் பலர் பச்சைச் சாயம் தேடி அலைந்து, கிடைக்காமல், இராணுவக் கூடாரத் துணியில் சட்டை தைத்தார்கள். ஒரே ஒரு பருவம் நாட்டின் முதல் பிரிவில் ஆடினார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை திவால்.

"இது மூணாவது சாவு" என்றார் பெப்பே.

"அப்ப இனி வரப்போறது புதுக் கழகமா?"

கையிலிருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புதுசா? இந்தக் குடியரசை விட நாங்க மூத்தவங்க, சிஞ்ஞோரே." அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார். நான் கேட்டது ஒரு செய்தியாளனின் சாதாரணக் கேள்வி. அவர் காதில் அது வேறு ஏதோவாக விழுந்திருக்கிறது. இரண்டு நாள் அவர் என் வணக்கத்துக்குப் பதில் தரவில்லை.

பிறகு நடந்ததை என்னால் இன்றுவரை சரியாக விழுங்க முடியவில்லை. நீதிமன்றம் கழகத்தின் சொத்துகளை ஏலம் விட்டது. பஸ்ஸும் புல்வெட்டும் இயந்திரமும் ஒரு பக்கம் போயின. இன்னொரு பக்கம் பெயர், சின்னம், கிண்ணங்கள் எல்லாம் ஒரே பொட்டலமாகப் போயின. குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஒரு தொழிலதிபர் அதை வாங்கி, புதிதாக ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். அவர் வாங்கியது நூறு வருடத்துக்கு மேற்பட்ட கடந்த காலம். ரயில்வே பட்டறையும், கூடாரத் துணியும், பெப்பேயின் தாத்தாவும் அதற்குள் அடக்கம். ஒரு ஊரின் ஞாபகத்துக்குச் சுத்தியல் அடித்து விலை வைக்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. ஊர் மக்கள் அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வாகன ஹோர்ன் அடித்துக்கொண்டு நகரைச் சுற்றி வந்தார்கள்.

புதிய நிர்வாகம் நகரசபை மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தது. பழைய சட்டைகள் பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர் என்று யாரோ சொல்லி, பிலோமினா அக்காவைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் சம்பளப் பேச்சே எடுக்காமல் போய், ஒவ்வொன்றையும் கையால் அலசி, நிழலில் உலர்த்தி, மெல்லிய சூட்டில் அயன் பண்ணிக் கொடுத்தார். தன்னை மறுபடி எடுத்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். கண்காட்சி திறந்த மாலை, பாஷைக்குத் துணையாக என்னையும் அழைத்துப் போனார்.

சுவர் முழுக்கப் படங்கள். கடைசிப் படங்களில் ஒன்றில், ஒரு வெற்றிக்குப் பிறகு வீரர்கள் கும்பலாக நிற்க, ஓரத்தில் துணிக்கூடையோடு அக்கா நின்றார். "பாத்தியா, என்னையும் மாட்டியிருக்காங்க. கண்ண மூடிட்டேன், கழுத" என்று சிரித்தார்.

புதிய கழகத்தின் பணிப்பாளர் இளைஞர், மிகவும் மரியாதையானவர். அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொன்னார். அக்கா தன் இத்தாலியனிலேயே கேட்டார்: "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். சலவை அறை, ஒப்பந்தம், பெர்மெஸ்ஸோ. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"ஒரு தவறான புரிதல், சிஞ்ஞோரா. நீங்க வேலை செஞ்சது வேற நிறுவனம். நாங்க புது நிறுவனம். சலவையை வெளியே ஒரு கம்பனிக்குக் குடுத்துட்டோம்."

அவர் தலைக்கு மேலே, ஒரு ஆள் உயர எழுத்தில், கழகம் தொடங்கிய வருடம் தொங்கியது. முதலாம் உலகப் போருக்கு முந்திய அதே வருடம். நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் சட்டப்படி சரி. இத்தனை வருடத்து வெற்றிகளுக்கு அவர்கள் அதே கழகம், ஒரு சலவைக்காரிக்கு மட்டும் புதுக் கழகம். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு மென்மையான குரலில் சொல்ல முடிகிறதே. விடைபெறும்போது முதல் ஆட்டத்துக்கு இரண்டு இலவச டிக்கெட்டுகளை அக்காவின் கையில் வைத்தார்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"எங்க தோட்டம் மூணு கை மாறிச்சு தம்பி. வெள்ளக்காரக் கம்பனி, அப்புறம் கவர்மெண்டு, அப்புறம் மறுபடி கம்பனி. போர்டுதான் மாறும். மறுநாள் காலைல பெரட்டுல அதே ஆளுங்கதான் நிப்போம். எங்கள வேணான்னுட்டு தோட்டத்த மட்டும் யாரும் வாங்கலயே."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்கும் இடம்.

"அக்கா, அது உங்களயும் செடியோட சேத்து வித்தது" என்றேன்.

"வித்தாங்கதான். ஆனா சேத்து வித்தாங்க."

மாத்தளையில் இருந்தபோது, எங்களைப் போன்றவர்கள் எந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தோமோ, அதே வாக்கியத்தை அவர் ஒரு குறையாக அல்ல, இழந்துவிட்ட ஒரு சலுகையாகச் சொன்னார். லயத்துக் காம்பிராவும் அதில் குடியிருக்கும் தொழிலாளரும் லொறியும் ஒரே விலைக்குள் அடங்கிய அந்தக் கைமாற்றங்களை விட மோசமான ஒன்று இருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இருக்கிறதா என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் ஐரோப்பாவின் ஒரு டவுன் பஸ்ஸில், ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் தன்னையும் சேர்த்து விற்றிருக்கலாமே என்று ஏங்கியதைக் கேட்டுவிட்டேன்.

குடிவரவு அலுவலகத்தில் வேலை தேடுவோருக்கான ஒரு வருட அனுமதி கிடைத்தது. அதற்குள் ஒப்பந்தம் ஒன்று வராவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். எங்கள் முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

டிக்கெட்டுகளை வீணாக்கக் கூடாது என்று அக்காதான் பிடிவாதமாக நின்றார். கழகம் மிகக் கீழ்ப் பிரிவில் இருந்து தொடங்கியது. எதிரணி ஒரு கிராமத்து அணி. ஆனாலும் அரங்கு நிறைந்திருந்தது. நாங்கள் ஒருபோதும் சாகவில்லை என்று பாடினார்கள். பெப்பே கழுத்தில் பச்சை வெள்ளைத் துண்டோடு எங்களுக்குக் கீழ் வரிசையில் நின்று, திரும்பி அக்காவுக்குக் கை காட்டினார். "பாத்தீங்களா, சிஞ்ஞோரா, எல்லாம் பழையபடி!" அக்கா தலையாட்டினார். வெற்றி கோல் விழுந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் அவரைக் கட்டிப்பிடித்தார். அக்கா கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

ஆட்டம் முடிந்தது. வீரர்கள் சட்டைகளைக் கழற்றியபடி எங்கள் பக்கம் வந்தார்கள். நான் திரும்புவதற்குள் அக்கா படியிறங்கிப் போய்விட்டார். யோசித்துப் போனது போல் இல்லை, கால்கள் போயின. கீழே கம்பி வேலி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டினார், கூடையில் போட வேண்டியதை வாங்கும் பழக்கத்தில். ஒரு வீரன், புதுப் பையன், அவரை ரசிகை என்று நினைத்துக்கொண்டு, தன் சட்டையை வேலிக்கு மேலால் அவர் கையில் போட்டு, நெஞ்சில் கை வைத்து வணங்கினான். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நல்ல அதிர்ஷ்டம் என்றார் ஒருவர்.

அக்கா சட்டையை உட்புறம் வெளியே வர ஒரே இழுப்பில் புரட்டினார். முழங்கைப் பக்கம் புல்லின் கறை இருந்தது. பிறகுதான் தன் கையைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இத தொவச்சுக் குடுக்கணுமா தம்பி, இல்ல நான் வச்சுக்கவா?" என்று கேட்டார்.