ரிஸ்வானாவுக்குத் தெரியாத வழக்கம்

போன மாதம் இராஜபாளையம் போயிருந்தேன். ஊர் சுற்ற அல்ல. என் தம்பி மகள் ரிஸ்வானாவின் ஆறாம் வகுப்பில் "எங்கள் வீட்டு வழக்கம்" என்று ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், பெரியவர்கள் வந்து பார்க்கலாம். தம்பிக்கு மில்லில் பகல் ஷிப்ட் என்பதால் நான் கிளம்பினேன். எனக்கோ கேட்டதிலிருந்தே மனசு சரியில்லை. யார் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பது பள்ளிக்கூடத்துக்கு எதற்கு?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் இரண்டு மணி நேரம். பால்கோவா வாங்க இறங்கினேன். எல்லாக் கடையிலும் "ஒரிஜினல்" என்று போர்டு. எதுதான் ஒரிஜினல் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாம் ஒரிஜினல்தாம்மா. எம்புட்டு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

அவருக்கு எந்தக் கடையில் கமிஷனோ! நானே ருசி பார்த்து அரைக் கிலோ வாங்கினேன், நூற்றெண்பது ரூபாய். அங்கிருந்து இராஜபாளையம் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்.

"எங்க அத்தா ஊதுறதச் சொல்லப் போறேன் மாமி," என்றாள் ரிஸ்வானா. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றும் அத்தையை மாமி என்றும்தான் கூப்பிடுவோம். மாலைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள், பள்ளிவாசல் வாசலில் நிற்கும் காய்ச்சல்காரப் பிள்ளைகளின் தலையில் குர்ஆன் வசனம் ஓதி ஊதுவார்கள். தம்பியும் ஊதுவான். என்ன ஓதுவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அதெல்லாம் வேணாம். பால்கோவா பத்திச் சொல்லு. வேற எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு," என்றேன். யாராவது வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி அனுப்பினால் யார் பதில் சொல்வது?

நான் பயந்தபடியே டீச்சர் வகுப்பறை ஜன்னலில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். ரிஸ்வானா பால்கோவா பற்றி நாலு வரி ஒப்பித்தாள். எல்லோரும் கைதட்டிவிட்டு, நான் கொண்டுபோன பால்கோவாவை ஆளுக்குக் கொஞ்சம் தின்றார்கள். அடுத்து அவள் பக்கத்தில் உட்காரும் கிருஷ்ணவேணி எழுந்தாள்.

"நாங்க வீட்டுல தெலுங்கு பேசுவோம். எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா பள்ளிவாசல் வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டுவாங்க. தொழுதுட்டு வாரவிய தலையில ஊதுவாங்க. ரிஸ்வானா அத்தா ஊதுனாத்தான் எனக்குச் சரியாவும்."

"டீச்சர், எனக்கும் ஊதிருக்காங்க!" என்று இன்னும் சில கைகள் உயர்ந்தன. டீச்சர் ரிஸ்வானா பக்கம் திரும்பினார்.

"ஊதுறதுக்கு முன்னாடி என்னம்மா ஓதுவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியாது டீச்சர்."

அந்த செல்போன் எதற்கு என்று எனக்கு இன்னமும் தெரியாது. சந்தேகம் முழுசாகத் தீரவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ரிஸ்வானா தலை குனிந்து உட்கார்ந்த விதம் நெஞ்சை அறுக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பால்கோவாவை அன்றைக்கே தின்றுவிடுங்கள், வெயிலுக்குத் தாங்காது. டவுன் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வகுப்புக்கு வருகிறவர்கள் பயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ரிஸ்வானா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்க சொன்ன மாதிரியேதான சொன்னேன் மாமி?"