ஜோசஃபின் வளர்த்த அமீபாக்கள்

லிங்கராஜபுரத்து ஜோசஃபின் ஒன்பது வருடமாக அமீபாக்களுக்குச் சாப்பாடு போட்டுவந்தாள். கேலி இல்லை, அதுதான் அவள் உத்தியோகம். சீதபேதி நோயாளி ஒருவரின் குடலிலிருந்து வந்த அந்த ஜீவன்கள், மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களுக்குள் இருந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரிசி மாவு தூவிப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். கூடவே குடலிலிருந்து வந்த பாக்டீரியாதான் அவற்றுக்கு முக்கிய ஆகாரம். ஆனால் பாக்டீரியா அளவுமீறிப் பெருகினால் அமீபா செத்துவிடும். அதனால் கொஞ்சம் ஆன்டிபயாடிக்கும் விட வேண்டும். அந்தப் பக்குவம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்புறம் ஞாயிறாவது, பண்டிகையாவது!

“அதுங்களுக்கு ஆக்கிப் போட்டுட்டு வா, எங்களுக்கு மெதுவா போடு” என்பான் கணவன் டிரேவர். முதலில் அதற்குச் சிரித்திருக்கிறாள்.

1998 செப்டம்பரில் குடும்பத்தோடு நாலு நாள் வேளாங்கண்ணி போக டிக்கெட் எடுத்தாயிற்று. நாலு நாள் குழாய்கள் தாங்காது. அலுத்துச் சலித்த மனசு குறுக்குவழி தேடியது. பாக்டீரியா பெருகாமல் இருக்கட்டும் என்று மருந்தை மூன்று மடங்கு விட்டுவிட்டு ரயிலேறினாள்.

திரும்பி வந்தபோது எல்லாக் குழாயும் பச்சைத் தண்ணீராட்டம் தெளிந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுகூட அசையவில்லை. மருந்து பாக்டீரியாவைக் கொன்றது. தின்ன எதுவுமில்லாமல் அமீபாக்கள் பட்டினியில் செத்தன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். வேலை போச்சு என்று பயந்தாள். அதற்கு அடியில், சீ, ஒரு நிம்மதியும் இருந்தது. அதுதான் அவளை அழவைத்தது.

பேராசிரியர் சீனிவாசராகவனிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒன்பது வருஷ வேலை.”

“தெரியும் சார். தப்பு என்னோடதுதான்.”

“சரி. வியாழக்கிழமை வார்டுலேர்ந்து புது சாம்பிள் வருது. மறுபடி ஆரம்பிங்க. வேற யாருக்குத் தெரியும்?”

ஜோசஃபின் நிமிர்ந்து நின்றாள்.

“ஆரம்பிக்கிறேன் சார். இன்னொருத்தருக்கும் கத்துக் குடுக்கிறேன். ஞாயித்துக்கெழம மட்டும் வரமாட்டேன்.”

“அமீபாவுக்கு ஞாயிறு தெரியுமாம்மா?”

“எனக்குத் தெரியும் சார்.”