அம்பில்லாமல் இழுத்த வில்

என் வில்லை உடைத்தவர் என்னுடைய சொந்த அண்ணன். இதை இப்படிப் பச்சையாகச் சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப்பேருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நாங்கள் கியூபெக்கில், ரொக்ஸ்பரோ என்ற இடத்தில் இருந்தோம். பிஸ்கட் பெட்டி அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் ஒரு கியூபெக்காரி, என்னைவிட வயதில் மூத்தவள், வாயைத் திறந்தால் மான் வேட்டைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் இருந்த வெளியில் ஒரு குறுக்குவில்லைக் கையில் தந்தாள். துவக்கைப் போலப் பிடியும் விசையும் வைத்து, நுனியில் வில்லைக் குறுக்கே பொருத்திய சாமான். அவர்கள் அர்பலெத் என்பார்கள். எனக்கு அது வில்லு.

முன்னால் இருக்கும் இரும்பு வளையத்துக்குள் காலை விட்டு நிலத்தோடு அமத்திப் பிடித்து, கயிற்றுக் கொளுக்கிகளை நாணில் மாட்டி, முதுகை நிமிர்த்தி இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமனாக வராவிட்டால் அம்பு கோணிக்கொண்டு போகும். பெருவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நின்றால் விரலை மறந்துவிட வேண்டியதுதான். எல்லாவற்றிலும் பெரிய பாவம், அம்பு வைக்காமல் விசையைத் தட்டுவது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுவதும் வில்லின் இரு பக்கக் கைகளுக்கே திரும்பி வந்து அவற்றைப் பிளந்துவிடும். இதை அவள் எனக்குப் பாடமாக்கித் தந்தாள்.

முதல் நாள் என் அம்புகள் எல்லாம் புல்லுக்குள் போயின. கோடை முடிவதற்குள் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டளவு வட்டத்துக்குள் விழுத்தப் பழகிவிட்டேன். குறியில் அம்பு ஏறும் அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசம் என் கலியாண வீட்டில்கூட வரவில்லை. வேலையில் மேற்பார்வையாளன் கத்துவான், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவார்கள். வில்லைத் தோளில் வைத்து மூச்சை அடக்கி நிற்கும்போது மட்டும் என்னை ஒருவராலும் கூப்பிட ஏலாது. வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போய், விளங்கியும் விளங்காமலும் பிரெஞ்சில் படித்து, பத்திரமும் எடுத்து, சொந்தமாக ஒரு வில்லும் வாங்கினேன். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை தன் காட்டுக்குக் கூட்டிப்போவதாக அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அண்ணன் பக்கத்து ஊரான டொலார்டில் இருந்தார். ஊரிலிருந்து எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்கவிடவில்லை. வில்லைக் கண்டவுடன் தொடங்கினார்.

"ஆயுதத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ என்னெண்டால் காசு குடுத்து ஆயுதம் வாங்கி வைச்சிருக்கிறாய். பொம்பிளைக்கு ஏன் உந்த விசர் வேலை?"

"கோயிலிலை வேலைக் கும்பிடுறியள், அது என்ன அகப்பையோ அண்ணை? வள்ளியைத் தேடிப் போன முருகனே வேடனாத்தானே போனவர்."

"வாய், வாய்! இந்த வாய்க்குத்தான் உன்னை அங்கேயே விட்டிருக்க வேணும்."

என் மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது நல்லாய் வரும்.

ஆயுத பூசைக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் புத்தகங்கள், தையல் மெசின், மனுசனின் துளைக்கும் மெசின், கார்த் திறப்பு. நான் என் வில்லையும் கொண்டுவந்து வைத்தேன். அண்ணி முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று பொட்டும் வைத்தேன். பூசை முடிந்து கடலையும் அவலும் கொடுக்கும்போது அண்ணன் வில்லைக் கையில் எடுத்தார்.

"அண்ணை, வையுங்கோ. அம்பு இல்லாமல் விசையைத் தட்டினால் வெடிச்சுப்போம்."

"எனக்கு நீ படிப்பிக்கிறியோ? சும்மா பாக்கிறன், நீ போய்த் தேத்தண்ணியைக் கொண்டு வா."

போனேன். பழக்கதோசம், அண்ணன் தேத்தண்ணி கேட்டால் கால் தானாகப் போகும். கேத்தலைத் தூக்கியபோது முன்னறையில் 'படார்' என்றது. ஓடி வந்து பார்த்தேன். வளையத்துக்குள் கால் விட்டு, ஆம்பிளை என்று காட்டக் கயிற்றை இழுத்து மாட்டி, வெறும் விசையைத் தட்டியிருக்கிறார். வில்லின் கைகளில் ஒன்று நீளவாக்கில் வெடித்துக் கிடந்தது.

"சீனாச் சாமான்," என்றார் அண்ணன். கடலையைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

எனக்கு உச்சந்தலையில் பத்திக்கொண்டு வந்தது. வாயைத் திறக்க முதல் அண்ணி கையைப் பிடித்தார், மனுசன் கண்ணைக் காட்டினார், வந்த சனம் எல்லாம் ஒரே குரலில், "விடும், அண்ணையல்லோ." அண்ணையல்லோ! அந்த ஒரு சொல்லை வைத்து இந்தச் சாதி எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறது!

அடுத்தநாள் வேலையில் என் கியூபெக்காரித் தோழியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வெடித்த கையோடு வில்லை இழுக்காதே, துண்டு பறந்து கண்ணைக் கொண்டுபோய்விடும் என்றாள். புதுக் கை வர வாரக்கணக்காகுமாம். அன்று பின்னேரம் அண்ணன் என்னைக் கேட்காமலே வந்து, "நான் சரியாக்கித் தாறன்," என்று வில்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்போதே தோழி சொன்னதை மனுசனிடம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன். அண்ணனிடம் சொல்லிவிட்டதாக மனுசன் சத்தியம் பண்ணினார்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி அண்ணன் அண்ணியோடு வந்தார். வெடிப்புக்குப் பசை பூசி, மேலே கறுப்பு நாடா சுற்றியிருந்தார். மேசைக்கால் ஒட்டின மாதிரி.

"இந்தா, புதுசு மாதிரி. இழுத்துப் பார்," என்றார். சொல்லிவிட்டு அண்ணியைப் பார்த்து, "நீர் கொஞ்சம் தள்ளி நில்லும்," என்றார்.

அதை நான் கேட்டேன். என் மனுசனும் கேட்டார். கேட்டும், "ஒருக்கா இழுத்துக் காட்டுமன், அவர் மினக்கெட்டுச் செய்துகொண்டு வந்தவர்," என்றார்.

அண்ணனின் பெருமையா என் கண்ணா என்று ஒரு வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வில்லை அவர் பக்கமே திருப்பி நீட்டினேன்.

"நீங்களே முதல் இழுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் சிரித்தார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. வில்லை வாங்கி வளையத்துக்குள் காலை விட்டார். கொளுக்கிகளை மாட்டினார். நாடா சுற்றிய இடத்தைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு காலை மெல்ல வெளியே எடுத்து, வில்லை என் பக்கம் நீட்டினார்.

"எனக்குத் தோள்மூட்டு நோகுது. நீ இழு."

நான் வாங்கவில்லை. "போங்கோ அண்ணை, வீட்டை போங்கோ," என்றேன். அவர் வில்லைச் சோபாவில் போட்டுவிட்டுப் போனார். பிறகு பல காலம் எங்கள் படி ஏறவில்லை. அந்தச் சனிக்கிழமை தோழியின் பழைய வில்லோடு காட்டுக்குப் போனேன். மான் ஒன்றும் வரவில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர் கூடும் இடங்களில், கூப்பிட்டுவிட்ட அண்ணனை வீட்டைவிட்டுக் கலைத்தவள் என்றுதான் என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவர் "நீ இழு" என்று சொன்னதை ஒருவரும் சொல்வதில்லை. அண்ணி அந்த அறையில்தான் நின்றவர், அவர்கூடச் சொல்வதில்லை.