பத்துக்குப் பத்து

அரியலூர் வட்டாரத்தில் பஞ்சநாதன் ஜாதகத்தைக் கையில் எடுத்தால் ஒரு கலெக்டர் மிடுக்கு வந்துவிடும். தொழில் கல்யாணத் தரகுதான். ஆனால் பொருத்தமில்லை என்று அவர் உதட்டைப் பிதுக்கினால், பந்தக்கால் நட்ட வீட்டிலும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள்.

சொந்தத் தம்பி குருமூர்த்தி வெற்றிச்செல்வியைக் காதலித்தபோதும் பிதுக்கினார். "ரஜ்ஜு தட்டுதுடா. தாலி நெலைக்காது" என்றார், அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராகவே. இருவரும் அவரை மதிக்காமல் கல்யாணம் செய்துகொண்டு, செட்டிகுளத்தில் வெங்காயம் போடப் போய்விட்டார்கள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

தாலி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் கண்டது பஞ்சநாதன். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோய், பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைக்கலாம் என்றார் திருச்சி டாக்டரம்மா. "நோய எதிர்க்குற செல்லு மேல அடையாளப் புரதம்னு ஒண்ணு இருக்குங்கய்யா. அப்பாகிட்டேருந்து பாதி, அம்மாகிட்டேருந்து பாதின்னு மரபணுவுல வர்றது. குடுக்குறவங்களுக்கும் உங்களுக்கும் அது ஒத்துப்போகலைன்னா ஒடம்பு சண்டைக்கு நிக்கும். அதான் பத்துப் பொருத்தம் பாப்போம்."

பஞ்சநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் பேட்டை. "பாக்கவே வேணாம்மா. எனக்கும் என் சம்சாரத்துக்கும் பத்துக்கு ஒம்போது. நானே பாத்தது!"

பக்கத்தில் நின்ற மனைவி மலர்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சம்சாரம் பொருந்துறது அபூர்வம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

அவர் "இல்ல" என்று இழுப்பதற்குள் மலர்கொடி, "இருக்காருங்க" என்று முந்திக்கொண்டாள். போன் போட்டதும் அவள்தான். குருமூர்த்தி வந்தான், ரத்தம் கொடுத்தான், அண்ணனைத் திரும்பியும் பாராமல் பஸ் ஏறினான்.

முடிவு வந்தது. பத்துக்குப் பத்து. பஞ்சநாதன் தன் வாழ்நாளில் எந்த ஜோடிக்கும் சொல்லாத பொருத்தம். இனி எல்லாம் வெற்றிச்செல்வி கையில். அவள் வேண்டாமென்றால் தம்பி வரமாட்டான். சாவைவிட அவள் முகத்தில் விழிக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா சொன்ன நாளில் அவளே குருமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள், பையில் அவனுக்கு மாற்று லுங்கியோடு.

நன்றி சொல்ல வாயைத் திறந்த பஞ்சநாதனுக்குப் பழகின பேச்சுதான் வந்தது. "இன்னிக்கு அஷ்டமியாச்சே... நாளைக்கு வச்சிக்கலாமாம்மா?"

"அஷ்டமியிலதான் இவரு எனக்குத் தாலி கட்டுனாரு, மாமா. பேசாம படுங்க" என்றாள் வெற்றிச்செல்வி, தலையணையைத் தட்டிப் போட்டபடி.

பஞ்சநாதன் படுத்தார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.